அக்கா தேவாலயத்தைச் சுற்றி எடுத்த நாள்

சமயநல்லூர்ப் பக்கம் ஒரு பழைய தேவாலயத்தின் நடுவே ட்ரைபாட்டை விரித்து, அதன்மேல் கேமராவைச் சுற்றித் திருப்ப உதவும் பனோரமா ஹெட்டைத் திருகிப் பொருத்திய அக்காவின் கைகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அக்கா உறவுக்காரர் அல்ல. விளாங்குடியில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் எனக்கு முன்பே சேர்ந்தவர். சௌராஷ்டிரக் குடும்பம். கைபேசியில் அம்மாவிடம் வீட்டுப் பாஷையில் பேசிவிட்டு, அதே மூச்சில் எங்களிடம் மதுரைத் தமிழுக்கு மாறுவார். விபத்தொன்றில் இடது கண்ணின் பார்வை போய், சில மாதம் வீட்டிலிருந்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். முதலாளி நல்லவர்தான், ஆனாலும் தயங்கினார். அக்காவால் முடியாவிட்டால் நான் எடுத்துத் தர வேண்டும் என்று அவர் எதிரிலேயே சொல்லி என்னையும் அனுப்பினார். அக்கா கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

தேவாலயத்தை மறுநாள் இடிக்கப்போகிறார்கள். அதற்குள், நடுவில் நின்று சுற்றிப் பார்ப்பதுபோல ஒரே படம் வேண்டும் என்று ஃபாதர் கேட்டிருந்தார். கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒட்ட வேண்டும். அக்கா ஒரு சுற்று எடுத்து, லேப்டாப்பில் ஒட்டிப் பார்த்தார். அருகிலிருந்த தூண்கள் உடைந்து விலகித் தெரிந்தன. வெளியே பெஞ்சுகளை ஏற்ற வண்டி வந்துவிட்டது. கணினியிலேயே சரிக்கட்டிவிடலாம், நான் செய்கிறேன் என்றேன்.

“இருக்கிற தூணுக்கு எதுக்குத் தம்பி ஒட்டுப்போடணும்? ஹெட்டு சரியா அமையல. அம்புட்டுத்தான்.”

வண்டியைக் காத்திருக்கச் சொல்லும்படி ஃபாதரிடம் கேட்டுக்கொண்டு திரும்பினார். ஒரு மெழுகுவர்த்தித் தண்டை அருகில் நிறுத்தி, அது தூரத்துச் சன்னல் கம்பியை மறைக்கும்படி பார்த்துக்கொண்டார். கேமராவைத் திருப்பியதும் தண்டு கம்பியைவிட்டு விலகியது. கேமரா இருந்த சட்டத்தைச் சற்றுப் பின்னால் நகர்த்தித் திருகை இறுக்கினார். மறுபக்கம் திருப்பினார், விலகல் குறைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். லென்ஸ் சரியான இடத்தில் அமைந்துவிட்டால், எந்தப் பக்கம் திருப்பினாலும் தண்டு கம்பியை மறைத்தபடியே இருக்கும். “இதுக்கு ஒத்தக் கண்ணு போதும்” என்றார். அந்தக் குரலில் வருத்தமும் இல்லை, வீம்பும் இல்லை.

இரண்டாவது சுற்றில் தூண்கள் முழுசாக நின்றன. ஃபாதர் படத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து சுற்றினார்.

கிளம்பும்போது அக்கா வாசற்படியில் நின்றுவிட்டார். “படி எங்க முடியுதுன்னு தெரியல தம்பி. கையக் குடு.” காலையிலிருந்து அவர் என்னிடம் கேட்ட உதவி அது ஒன்றுதான்.

படத்தைப் பார்த்த முதலாளி, அடுத்த வேலைக்கு அக்கா தனியாகவே போகலாம் என்றார். அக்கா யோசித்தார். “அது மாடி மண்டபம்ணே. தம்பியும் வரட்டும்.”

இப்போது வாடிப்பட்டியில் அவருக்குச் சொந்த ஸ்டுடியோ இருக்கிறது, ஒரு மாடியில். நான் போனால் வண்டிச் சத்தம் கேட்டே வெளியே வந்துவிடுவார். கைப்பிடியைத் தொடாமல், பேசிக்கொண்டே படியிறங்கி வருவார்.