ரோலிங் மில்லில் நான் பார்த்த கால்கள்

தொழிற்சாலை நர்ஸ் வேலை என்றால் ரத்தம், தையல், ஆம்புலன்ஸ் என்று நினைத்துத்தான் கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். வந்த நாளிலிருந்து பார்ப்பது என்னவோ கால், கால், கால்தான். இரும்புக் கம்பி உருட்டும் மில் எங்களுடையது. வருஷா வருஷம் பாதுகாப்பு ஷூ கொடுப்பதற்கு முன்னால் அத்தனை பேர் காலையும் அளந்து எழுதுவது முதலுதவி அறையின் பொறுப்பு, அதாவது என் தலையெழுத்து. நின்றுகொண்டே சம்பாதிக்கும் சக கால்வலிக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிரித்துக்கொண்டே படிக்கலாம். நடுவில் ஒருவருடைய கால் போகப் பார்த்தது, அதையும் சொல்கிறேன்.

காலையில் ஏழு, மாலையில் எட்டு

முதல் வருஷம் நான் செய்த முட்டாள்தனம், காலை ஷிப்டு உள்ளே நுழையும்போதே அளவு எடுத்தது. ஷூ வந்தது. மத்தியானம் வரை எல்லோரும் புது மாப்பிள்ளை மாதிரி நடந்தார்கள். மூன்று மணிக்கு என் அறை வாசலில் வரிசை. கடிக்கிறதாம், பிடிக்கிறதாம், கழற்றினால் திரும்ப மாட்ட முடியவில்லையாம். நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும், அதனால் சாயந்திரம்தான் அளக்க வேண்டும் என்பது நர்சிங் படித்த எனக்கு ஏனோ தோன்றவில்லை. போதாக்குறைக்கு, பலருக்கு இடது கால் ஒரு அளவு, வலது கால் ஒரு அளவு. பெரிய காலுக்குத்தான் ஷூ எடுக்க வேண்டும். அதையும் நான் பார்க்கவில்லை.

தலையில் அடித்துக்கொண்டு, ஷிப்டு முடிகிற நேரத்தில் எல்லாக் காலையும் மறுபடி அளந்தேன். பர்னஸ் உலையில் வேலை பார்க்கும் சீனிவாசன் அளவுப் பலகையில் காலை வைத்துக்கொண்டு ரொம்ப யோசித்தார். பிறகு கேட்டார்: "காலைல ஏழு, சாய்ந்தரம் எட்டுன்னா, ஓவர்டைம் பாத்தா பத்தாயிடுமா சிஸ்டர்?"

வளர்கிற கால்

ஏழுமலை அண்ணன் எங்கள் கிரேன் ஆபரேட்டர். சோழவரம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர். ஐம்பதை நெருங்குகிறார்; சர்க்கரை வந்து பல வருஷமாகிறது, மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார். போன வருஷம் அவர் அளவு ஏழு. இந்த வருஷம் பலகையில் கால் வைப்பதற்கு முன்னாலேயே "ஒம்போதுன்னு எழுதிக்கோங்க" என்றார். அளந்தால் அதே ஏழு.

விசாரித்ததில், காட்டுப்பள்ளிக்கு லாரி ஓட்டும் அவருடைய மச்சானுக்குத்தான் ஒன்பது, புது ஷூவை அவருக்குக் கொடுத்துவிடத் திட்டம் என்று தெரிந்தது. அண்ணன் போட்டிருந்த பழைய ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகம் அப்பளமாகத் தேய்ந்திருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு இருக்கிற சர்க்கரைக்கு, காலில் ஒரு முள் குத்தினால்கூட ஆபத்து அண்ணே" என்று சத்தம் போட்டுவிட்டு ஏழு என்றே எழுதினேன். அவர் விடவில்லை. "நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க, வயசானா கால் அகலமாவும்னு? எனுக்கு கொஞ்சம் சீக்கிரமா ஆயிடுச்சு."

கேன்டீன் தகராறு

உடம்பிலேயே வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் உள்ளங்காலும் ஒன்று. அதை எட்டு மணி நேரம் ஷூவுக்குள் பூட்டிவைத்து, நேற்றைய சாக்ஸையும் சேர்த்தால் என்ன ஆகும்? தினம் சாக்ஸ் மாற்றுங்கள், விரலிடுக்கைத் துடையுங்கள், நகத்தை ஓரத்தில் வளைக்காமல் நேராக வெட்டுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டினேன். ஒருவரும் படிக்கவில்லை. கடைசியில் கேன்டீன் நடத்தும் லட்சுமி அக்காதான், ஷூவை வெளியே கழற்றினால்தான் சாப்பாடு என்று சட்டம் போட்டார். ஒரே வாரத்தில் பாதிப் பேர் சாக்ஸ் துவைத்தார்கள். நன்றி சொல்லப் போன என்னிடம் அக்கா சொன்னது: "இப்பத்தான் சிஸ்டர், சாம்பார்ல பெருங்காயம் போட்டனா இல்லியான்னு எனுக்கே தெரியுது."

கூரையைப் பார்த்தவர்

ஆடி மாதம். புது ஷூ இன்னும் வந்து சேரவில்லை. ஏழுமலை அண்ணன் தலைவலி மாத்திரை கேட்டு வந்தார். கையில் மஞ்சள் காப்பு. ஊர் அம்மன் கோயில் தீமிதிக்கு இன்னும் எட்டு நாள். மகளுக்கு நர்சிங் சீட்டு கிடைக்க வேண்டும் என்று வேண்டுதல். அவர் நடந்து வந்த தரையில் வலது கால் வைத்த இடமெல்லாம் சிவப்பாக இருந்தது.

ஷூவைக் கழற்றினேன். ஓர் இரும்புச் சில்லு, தேய்ந்த அடிப்பாகத்தையும் சாக்ஸையும் தாண்டி உள்ளங்காலில் இறங்கியிருந்தது. எப்போது குத்தியது என்று கேட்டால், "குத்திச்சா?" என்று குனிந்து பார்க்கிறார். புண்ணைச் சுத்தம் செய்தேன். பிறகு, கூரையைப் பாருங்கள், பஞ்சு படும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றேன். கட்டை விரல், மற்ற நான்கு விரல்கள், பாதம், குதிகால் எல்லாம் தொட்டு முடித்தேன். அவர் கூரையைப் பார்த்தபடியே பொறுமையாகக் கேட்டார்: "இன்னும் ஆரம்பிக்கலியா சிஸ்டர்?"

காப்பு மாறிய கை

ஒரு காலில் இருபத்தாறு எலும்பு. அத்தனையையும் காவல் காப்பது வலிதான். சர்க்கரை அந்த வலியைத்தான் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினேன். இந்தப் புண்ணோடு தீயில் இறங்கினால் கால் போய்விடும் என்றும் சொன்னேன். அண்ணன் முகம் மலர்ந்தது. போன வருஷம் தீ மிதித்தபோது அவருக்கு மட்டும் சூடே தெரியவில்லையாம், அம்மன் அருளாம். நேராக அவர் மனைவி கஸ்தூரிக்கு போன் போட்டேன்.

கஸ்தூரி ஆட்டோ பிடித்து வந்தார். கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். "இன்னாயா, பொண்ணு நர்சாயி மொத கட்டு உன் காலுக்குத்தான் போடணுமா?" என்று ஒரே கேள்வி. அண்ணன் தலை குனிந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பூசாரியிடம் பேசிக் காப்பைத் தன் கைக்கு மாற்றிக் கட்டிக்கொண்டு, தீமிதி அன்று ஊருக்கே கூழ் வார்த்து வேண்டுதலைத் தீர்த்தார் கஸ்தூரி.

புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. கால் தப்பியது. உணர்ச்சி திரும்ப வராது, தினமும் உள்ளங்காலைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனுக்குக் குனிய முடியாததால் அந்த வேலையும் மனைவி தலையில். கடைசிக் கட்டு அவிழ்த்த அன்று, கைப்பையில் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக் காட்டி கஸ்தூரி சொன்னார்: "கல்யாணத்தன்னிக்கிகூட இவரு மூஞ்சிய இவ்ளோ நேரம் பாத்ததில்ல சிஸ்டர். இப்ப தெனம் சாய்ந்தரம் காலப் பாத்துக்கினு ஒக்காந்துகிறேன்."

ஆக, சக கால்வலிக்காரர்களே, ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போய்க் காலை நீட்டி 'ஐயோ, உயிர் போகிறதே' என்று புலம்ப முடிகிற நாம்தான் கொடுத்துவைத்தவர்கள்.