ஏகமனதாக ஒத்திவைக்கப்பட்ட தண்ணீர்

தீர்மானப் புத்தகம் எழுதுறவனுக்குக் காது நல்லா கேக்கணும், ஆனா கேட்டது எதுவும் கை வரைக்கும் வந்துறக் கூடாது. பேரூராட்சி ஆபீஸ்ல சேர்ந்த அன்னைக்கே எனக்குச் சொல்லிக்குடுத்த தொழில் ரகசியம் இது. ஏதாவது ஒரு ஆபீஸ்ல குப்பை கொட்டியிருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்கணுமா என்ன? தொண்ணூறுகளோட கடைசியில, திருநகருக்கு அங்கிட்டு, எங்க ஊர்க் கண்மாய் நிரம்பின ஒரு கார்த்திகை மாசத்துல நடந்ததைச் சொல்றேன்.

மிதிகட்டையில் அளவு

கண்மாய்க்கு ஒரு பக்கம் வயக்காடு. இன்னொரு பக்கம் நெசவாளர் தெரு. செல்லூர்ல இடம் பத்தாம இங்க வந்து குடியேறின சௌராஷ்டிரக் குடும்பங்க. அம்புட்டு வீட்டுலயும் குழித்தறி, அதாவது தரையில குழி வெட்டி, அதுக்குள்ள காலை விட்டு உக்காந்து மிதிச்சு நெய்யுற தறி. கண்மாய் நிறைஞ்சா, தண்ணி தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்தக் குழிக்குள்ள ஊறிரும். ஈரம் ஏறுனா, தறியில நீளவாக்குல ஓடுற பாவுநூல்ல போட்ட கஞ்சி பூஞ்சை பிடிச்சு மொத்தமும் வீண்.

அந்தத் தெரு சரோஜாக்கா ஒருநாள் தறி மிதிகட்டையைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு ஆபீசுக்கே வந்துட்டாங்க. புதுப் பாவு ஏத்தி ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு. கட்டையில ஒரு சாணுக்கு ஈரம். அளவு பாக்க வந்திருந்த எஞ்சினியர், "கரைக்கு இன்னும் ஒன்றரை அடி கீழதாம்மா தண்ணி நிக்குது, ஆபத்தில்லை"ன்னார். அக்கா கட்டையை அவர் மேசை மேலயே வச்சுட்டுச் சொன்னாங்க: "நீங்க கரைக்கு மேல வருதான்னு பாக்குறீங்க சார், எங்களுக்கு அது கீழ இருந்து வருது."

வடை வரும் வரை

கேள்வி ரொம்ப லேசு. எஞ்சின் வச்சுத் தண்ணியை இறைச்சு, கீழ வறண்டு கெடக்குற சின்னக் கண்மாய்க்கு விடுறதா, வேண்டாமா? வயக்காட்டு வார்டு மெம்பர் முத்துக்கருப்பண்ணன் ஒரு சொட்டு விடமாட்டேன்னார். அவரையும் குத்தம் சொல்ல முடியாது. மூணு வருஷம் காஞ்சு கெடந்த கண்மாய், ரெண்டாம் போகத்துக்கு அதை நம்பித்தான் இருந்தாங்க. நெசவாளர் தெரு மெம்பர் ரங்கராம், இறைச்சே ஆகணும்னார். மத்தவங்க வடை வர்ற வரைக்கும் ரெண்டு பேருக்கும் தலையாட்டுனாங்க.

எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் உண்டு. உள்ள வந்ததுமே மெம்பருங்க வெத்துப் பக்கத்துக்கு அடியில கையெழுத்துப் போட்டுருவாங்க. முடிவை மேல நான் பொறவு எழுதிக்கணும். அடுத்தடுத்து ரெண்டு கூட்டம், ரெண்டுலயும் தொண்டை கிழியக் கத்தல். ரெண்டு தடவையும் தலைவர் செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னது ஒரே வாசகம், ரெண்டு தடவையும் வெக்கமில்லாம நானும் எழுதினேன்: "ஏகமனதா ஒத்திவைக்கப்பட்டதுன்னு எழுதிருங்க தம்பி, வழக்கம் போல."

பாவாடை காய்ந்த எஞ்சின்

இதுக்கு நடுவுல தலைவர் முன்யோசனையா டீசல் எஞ்சினை மட்டும் வரவழைச்சுட்டார். தீர்மானம் இல்லாம ஓட்டக்கூடாது. அதனால அது கரையில சும்மா நின்னுச்சு. வெயில் தலைகாட்டுன நேரம் பாத்து யாரோ அது மேல பாவாடை காயப்போட்டாங்க. எழுமலையில இருந்து எஞ்சினோட சேர்ந்து வந்த ஆபரேட்டர் பாண்டி, என்னைப் பாக்கும்போதெல்லாம் ஒரே புலம்பல்: "எங்க ஊர்ல தண்ணி இல்லாம சும்மா நின்ன எஞ்சின்ணே இது, தண்ணி இருந்தும் சும்மா நிக்கிறது இங்கதாண்ணே."

அடித்தால் இனிஷியல்

மூணாவது கூட்டத்துக்கு முந்துன நாள் சரோஜாக்கா வீட்டுக்குப் போய்ப் பாத்தேன். குழி நெறைஞ்சு, தண்ணி பாவைத் தொட நாலு விரக்கடைதான் பாக்கி. எனக்கு அவமானமா இருந்துச்சு. 'ஏகமனதாக'ன்னு எழுதுன கை என் கைதானே.

மறுநாள் புத்தகத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டேன். இனிமே வெத்துப் பக்கத்துல கையெழுத்துக் கிடையாது, பேசுறதை எழுதி வாசிப்பேன், கேட்டுட்டுப் போடுங்கன்னேன். தலைவர் முறைச்சார். வேலைக்கு வேட்டு வச்சுக்காதேன்னார். விழுந்தா விழுந்துட்டுப் போகுதுன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேனா மூடியைக் கழட்டுனேன்.

எல்லாரும் பேசி முடிச்சதும் எந்திரிச்சு நின்னு வாசிச்சேன். "தறிக்குழியில் தண்ணீர் நின்றால் நிற்கட்டும், மீன் வளர்க்கட்டும் என்றார் திரு. முத்துக்கருப்பன்." ரங்கராம் தலையைத் தூக்கல. முத்துக்கருப்பண்ணன் முகம் செத்துப்போச்சு. அந்த வரியை அடிச்சுருன்னார். அடிச்சாலும் எழுத்து தெரியும், அடிச்ச இடத்துல நீங்க இனிஷியல் போடணும்ணே, அதான் விதின்னேன். பேனாவை வாங்கி, அந்த வரியை விரல் வச்சு இன்னொரு தடவை படிச்சார். அப்பறம் அடிச்சு, இனிஷியலும் போட்டுட்டுச் சொன்னார்: "ரெண்டு முழம் இறக்கிக்கங்க. அதுக்கு மேல ஒரு சொட்டு இறக்குனா எஞ்சினைத் தூக்கிக் கண்மாய்க்குள்ள போட்ருவேன், இதையும் எழுதிக்க."

மெமோ

எழுதினேன். அன்னைக்கு மத்தியானமே எஞ்சின் ஓடுச்சு. முத்துக்கருப்பண்ணன் குடையைப் பிடிச்சுக்கிட்டுக் கரையிலயே நின்னார். ரெண்டு முழம் இறங்குனதும் நிறுத்தச் சொன்னவரும் அவர்தான். எனக்கு மெமோ வந்துச்சு, நடைமுறையை மீறியது ஏன்னு. 'பேசியதை எழுதுவதே என் பணி'ன்னு ஒரே வரி எழுதிக் குடுத்தேன்.

குழியில தண்ணி வடிய அஞ்சு நாள் ஆச்சு. சரோஜாக்கா ஒரு நல்ல வார்த்தை சொல்வாங்கன்னு நெனச்சுத்தான் போனேன், பொய் சொல்லல. பாவு முழுக்கப் பூஞ்சை பூத்து, அறுத்து மூலையில போட்டிருந்தாங்க. குழியைத் துடைச்சுக்கிட்டே, என்னை நிமிந்துகூடப் பாக்காமக் கேட்டாங்க: "இப்படி மொதக் கூட்டத்துலயே வாசிச்சிருந்தா என் பாவு தப்பிச்சிருக்குமே தம்பி?"

ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதுக்கப்புறம் வெத்துப் பக்கத்துல ஒருத்தர் கையெழுத்தையும் நான் வாங்கல. மெமோ போட்டவங்களுக்கு மூணே நாள்ல பதில் குடுத்துட்டேன், சரோஜாக்காவுக்குத்தான் இன்னும் குடுக்கல.