ஒன்றாம் எண்ணில் ஈயம்

இடது கை தராசுத் தட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தது. வலது கை, தட்டின் அடியில் இருந்த சிறு குழிக்குள் ஈயத் துணுக்கு ஒன்றை இடுக்கியால் இறக்கிக் கட்டைவிரலால் அழுத்தியது. தட்டைத் திருப்பி மாட்டியதும் முள் கொஞ்சம் ஆடி நடுவில் நின்றது. அது போதாது. எடைக்கல்லை ஏற்றி, இறக்கி, முள் மறுபடி அதே இடத்துக்கு வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். வந்தது. அதற்குப் பிறகுதான் கைகள் எண்ணெய்த் துணியைத் தேடின.

தராசு பழுது பார்க்கும் அவருக்குக் கடைவீதியில் பூஜ்யக்காரர் என்று பெயர். தராசோடு யார் வந்தாலும் என்ன கோளாறு என்று கேட்க மாட்டார். "பூஜ்யத்துக்குத் திரும்புதா?" என்பார். இறக்கிவிட்ட பாரத்தை மயிரிழை அளவு நினைவு வைத்திருந்தாலும், அவர் கணக்கில் அது தராசே இல்லை.

தட்டின் அடியில் அவர் வைப்பது ஈயம். சில வியாபாரிகள் அவருக்குத் தெரியாமல் வைப்பது காசு. மெழுகு தடவி ஒட்டிய ஒரு பழங்காசு, வாங்க வருகிறவரின் சாமானில் நாளெல்லாம் சிறு கவளமாகத் தின்றுகொண்டிருக்கும். அதைப் பெயர்த்து மேசைமேல் வைத்தால், "இது என் காசு" என்று இதுவரை ஒருவரும் உரிமை கொண்டாடியதில்லை. ஊரில் கேட்க ஆளில்லாத காசு அவரிடம்தான் சேர்ந்தது. நடுவில் ஓட்டை போட்ட செம்பு, கோதுமைக் கதிர் பொறித்த பித்தளை, முகமெல்லாம் தேய்ந்து மூக்கு மட்டும் மிஞ்சிய ஒரு ராஜா, இன்னும் பல. எல்லாம் பிஸ்கட் டப்பாக்களில் இருந்தன.

நூலகத்தின் முன்கூடத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வந்தது. ஊர்க்காரர் எவராவது சேர்த்த பொருள்களை அதில் வைக்கலாம் என்று நூலகர் அம்மா அறிவித்தார். ஒவ்வொரு பொருளின் விவரத்தையும் கணினியில் ஏற்றி, அச்செடுத்துப் பட்டியலாகத் தர வேண்டும். முதலில் தருகிறவருக்குப் பெட்டி.

பூஜ்யக்காரருக்கு அந்தப் பெட்டி வேண்டும். நன்றாகப் பழுது பார்த்த தராசை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இத்தனை வருடம் உழைத்ததற்கு, நாலு பேர் குனிந்து பார்க்கும்படி அவரிடம் இருந்தவை அந்தக் காசுகள் மட்டுமே. தவிர, அதே பெட்டிக்கு அவருடைய மனைவியின் தம்பியும் குறிவைத்திருந்தான். அவன் சேர்ப்பது தீப்பெட்டிப் படங்கள்.

மகள் மருந்துக்கடையில் கணினியில் பில் போடுகிறவள். நாணயம் சேர்ப்பவர்களுக்கென்றே இருந்த மென்பொருள் ஒன்றை வீட்டுக் கணினியில் இறக்கிக் கொடுத்தாள். அவர் மூக்கு ராஜாவை எடுத்தார். எடை, அகலம், உலோகம், எல்லாம் ஏற்றினார். எண் 1 என்று வந்தது. பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்க அழித்தார். மறுபடி ஏற்றினார். எண் 2 என்று வந்தது.

"ஒண்ணு எங்கம்மா?"

"அதைத்தானே அழிச்சீங்க."

"அழிச்சாச்சு. தட்டு காலி. காலித் தட்டுல முதல்ல வைக்கறது ஒண்ணுதானே?"

"அது வெறும் நம்பர்ப்பா. ஒரு தடவை கொடுத்ததைத் திரும்பக் கொடுக்காது."

"இறக்கின பாரத்தை இன்னும் பிடிச்சு வச்சிருக்கு. இது கள்ளத் தராசு. வேற காட்டு."

வேறு காட்டினாள். ஒன்று காசின் இரு பக்கத்தையும் படமாகக் காட்டிப் புரட்டியது. இன்னொன்று, ஒவ்வொரு காசை ஏற்றியதும் கொண்டாட்டமாக மத்தாப்பு விட்டது. மற்றொன்று காசின் இன்றைய சந்தை விலை என்ன என்று விடாமல் நச்சரித்தது. எல்லாவற்றிலும் ராஜா ஒன்றாக ஏறி, அழிந்து, இரண்டாக எழுந்தார். அவரைத் தவிர வேறு எந்தக் காசும் டப்பாவை விட்டு வெளியே வரவில்லை.

"அந்த ராஜாவுக்கு உசுரோட இருந்தப்பகூட இத்தனை தடவை பட்டம் கட்டியிருக்க மாட்டாங்க" என்றாள் மனைவி, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே.

ஒரு நாள் மச்சினன் கையில் தாள்கட்டோடு வந்து நின்றான்.

"என்ன மச்சான், ஒண்ணு கிடைச்சுதா?"

"நீ எந்த மென்பொருள்ல ஏத்தின?"

"மென்பொருளா? ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சம்பளக் கணக்குப் போடுற கட்டத்துலயே ஏத்திட்டேன்."

"எண் எப்படிக் கொடுத்த?"

"எண் எதுக்கு? சிவப்பு, பச்சை, யானை, மத்தது. அவ்வளவுதான். ஆல்பத்துல ஒட்டற வேலை மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை கொடுத்துடுவேன்."

அவன் போன பிறகு, மூக்கு ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மறுபடி கணினி முன் உட்கார்ந்தார். மகள் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"அப்பா, முள் நடுவுல நிக்கலேன்னா தராசைத் தூக்கிப் போட்டுடுவீங்களா?"

"ஏன் போடணும்? அடியில ஈயம் வைப்பேன்."

"அப்ப இந்த ஒண்ணாம் நம்பரை ஈயம்னு நினைச்சுக்கங்க. அடியில கிடக்கட்டும். யாருக்குத் தெரியப் போகுது?"

"யாருக்குத் தெரியப் போகுதுங்கறது காசு ஒட்டறவன் பேச்சு" என்றார். யோசித்தார். "ஈயம் வச்சா, வச்சிருக்கேன்னு சொல்லிடணும்."

மத்தாப்பு விட்ட மென்பொருளிலேயே வேலை தொடங்கியது. மற்றவற்றை மகள் அதற்குள் அழித்துவிட்டிருந்தாள். பழுதுக்கு வந்திருந்த நகைக்கடைத் தராசில் அவர் ஒவ்வொரு காசாக நிறுத்துச் சொல்ல, அவள் தட்டினாள். ஓட்டைச் செம்புக்கு ஒரு மத்தாப்பு, பித்தளைக்கு ஒரு மத்தாப்பு.

"கிடைத்த இடம்னு கேக்குது. எந்தக் கடைப்பா?"

"தட்டின் அடியில்னு போடு."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும். கடைப் பேரைப் போட்டா, அப்புறம் என்கிட்ட தராசு கொண்டுவர ஆள் இருக்காது."

பட்டியல் இரண்டிலிருந்து தொடங்கியது. ஆனால் முதல் பக்கத்தின் தலையில், தனி வரியாக, அவர் சொல்லி அவள் அடித்தது இருந்தது: *எண் 1: ஈயம். சமன் செய்ய வைத்தது.*

வெள்ளிக்கிழமை அவரும் மகளும் நூலகத்துக்குப் போனபோது மச்சினன் ஏற்கெனவே வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஆல்பத்தை ஊதிக்கொண்டிருந்தான். பசை காயவில்லை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, யானையின் முதுகில் மயில் ஏறியிருந்தது.

"போங்க மச்சான், போங்க" என்றான். "இன்னும் அஞ்சு நிமிஷத்துல நானும் வந்துடுவேன்."

நூலகர் அம்மா பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். முதல் வரியில் புருவம் உயர்ந்தது. பூஜ்யக்காரர் விளக்கினார். தராசு, தட்டு, முள் என்று விளக்கம் நீண்டது. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெட்டி அவருக்குத்தான் என்று சொல்லி, தன் கணினியில் தட்டி, சிறு ரசீது ஒன்றைக் கிழித்து நீட்டினார்.

சேர்க்கை எண் 2.

மகள் கூரையைப் பார்த்தாள்.

"ஒண்ணு யாருதும்மா?" என்று நூலகரிடம் கேட்டார் பூஜ்யக்காரர்.

"யாருதும் இல்லை. புது மென்பொருள். வேலை செய்யுதான்னு என் பேனாவை ஏத்திப் பார்த்தேன். அப்புறம் அழிச்சுட்டேன்."

பிஸ்கட் டப்பாவைப் பிடித்திருந்த அவர் கைகள் இறங்கவில்லை. மச்சினன் ஆல்பத்தை விசிறிக்கொண்டே உள்ளே வந்தான்.

"நம்பர் பிடிக்கலேன்னா விட்டுடுங்க மச்சான். நான் ரெண்டா இருக்கறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை."

"அம்மா, அந்த ஒண்ணைச் சொல்லியிருக்கீங்களா எங்கேயாவது?"

"எதை?"

"பேனாவை."

நூலகர் அம்மா அவரைப் பார்த்தார், மச்சினனின் ஈர ஆல்பத்தைப் பார்த்தார், பிறகு பட்டியலின் முதல் வரியை மறுபடி பார்த்தார். ரசீதைத் திரும்ப வாங்கி, அதன் ஓரத்தில் எழுதினார்: *எண் 1: பேனா. சோதிக்க வைத்தது.* கீழே கையெழுத்தும் போட்டார்.

அவர் அதை இரண்டு முறை படித்துச் சட்டைப் பையில் வைத்தார். டப்பாவை மேசையின் நடுவில் இறக்கினார். மேசை ஆடுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, கையை எடுத்தார்.