ஜலஜா கேட்ட பாலாலயம்

ஜலஜாவுக்குக் கோபம் வந்தால் கல்கத்தா லேக் மார்க்கெட் காய்கறிக்காரனே வாயை மூடிக்கொள்வான். பாங்கில் ஆபீசர், மேனேஜரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள். அப்பேர்ப்பட்டவள் ஒரு கோயில் கமிட்டியிடம் ஏமாந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஏமாந்தாள் என்பதுகூடச் சரியில்லை. வலியப் போய்த் தலையைக் கொடுத்தாள்.

டாக்குரியா பக்கத்துப் பிள்ளையார் கோயில் மற்ற கோயில்கள் மாதிரி இருக்காது. கோபுரம் கிடையாது, பொம்மைகள் கிடையாது. அறுபதுகளில் ஒரு வங்காளி ஆர்க்கிடெக்ட் கட்டியது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், நாலு மூலையில் மட்டும் தரையில் ஊன்றி வளைந்து நிற்கும் மெல்லிய கான்கிரீட் கூரை. சுவர் அதைத் தொடாது. அந்த இடைவெளியில் சாயங்கால வெயில் உள்ளே இறங்கும். கணவர் பத்மநாபன் காலமான வருஷம், பாங்க் விட்டதும் ஜலஜா அங்கே போய் உட்கார்ந்து அழுவாள். வீட்டில் அழுதால் ஆறுதல் சொல்ல ஆள் வந்துவிடும். அந்தக் கூரை இல்லாவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

தொண்ணூற்றெட்டு மழையில் கூரை ஒழுகத் தொடங்கியது. இனி இது தானாகவே விழுந்துவிடும், இடித்துவிட்டு ஊர்க் கோயில் மாதிரி கோபுரத்தோடு கட்டலாம் என்றார் கமிட்டித் தலைவர் பட்டாபிராமன். இது சினிமா தியேட்டர் மாதிரி இருக்கிறது என்று அவருக்கு நெடுநாள் குறை. ஆனால் பிள்ளையார் தலைக்கு மேலே கடப்பாரை போட எவனுக்குத் தைரியம் வரும்? கமிட்டியில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பேச்சு அதோடு நின்றது.

ஜலஜா சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? மித்ரா என்ற என்ஜினீயரிங் பேராசிரியரை அழைத்துவந்து காட்டினாள். ஓரத்துக் கம்பிகள்தான் துருப்பிடித்திருக்கின்றன, சாரம் கட்டிப் பழுது பார்த்தால் இன்னொரு தலைமுறைக்குக் கவலையில்லை என்றார் அவர். சாரம் கட்டினால் வேலையாட்கள் சுவாமி தலைக்கு மேலே ஏற வேண்டும். அது கூடாது என்றார் குருக்கள். அப்போதுதான் ஜலஜாவுக்கு அந்த யோசனை உதித்தது. பாலாலயம் செய்துவிட்டால்? பிள்ளையாரின் சக்தியைக் கும்பத்து நீரில் இறக்கி, பக்கத்துக் கொட்டகையில் ஒரு படத்துக்கு மாற்றிப் பூஜை நடத்தலாம். திருப்பணி முடிந்து கும்பாபிஷேகத்தன்று அவர் திரும்ப உள்ளே வருவார். எந்த ஊரிலும் நடப்பதுதானே. வீடு வீடாக ஏறி இறங்கி எல்லோரையும் சம்மதிக்க வைத்தாள். பட்டாபிராமன் மறுபேச்சே பேசாமல் தலையாட்டினார். அதைப் பார்த்தாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

பாலாலயம் நடந்த மறுவாரம், சாரத்துக்கு மூங்கில் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள். வாசலில் கட்டடம் இடிக்கிற காண்டிராக்டரின் லாரி நின்றது. நேரே பட்டாபிராமன் வீட்டுக்கு ஓடினாள்.

“மாமா, ரிப்பேர்னுதானே எல்லாரும் ஒத்துண்டா?”

“நீதானேம்மா சுவாமியை வெளியிலே கொண்டுவந்தே? இப்போ உள்ளே யார் இருக்கா? வெறும் கட்டடம். இடிச்சா என்ன பாவம்?”

மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவரும் இப்போது பயப்படவில்லை. குருக்களிடம் போனாள், திருப்பணி முடியாமல் சுவாமியை உள்ளே கொண்டுபோகச் சாஸ்திரம் இடம் கொடுக்காது என்று அவர் கையை விரித்தார். பாரம்பரியக் கட்டடம் என்று தடை வாங்கப் போன ஆபீசில், உங்கள் வயதுகூட ஆகாத கட்டடத்துக்கு என்ன பாரம்பரியம் தீதி என்று அக்கா முறை வைத்துச் சிரித்து, டீ கொடுத்து அனுப்பினார்கள்.

கூரை லேசில் விழவில்லை. தானாகவே விழுந்துவிடும் என்று சொன்னார்களே, படுபாவிகள், அது எத்தனை அடிக்கும் அசையாமல் நின்றது. ஜலஜா எதிர் நடைபாதையில் நின்று பார்த்தாள். கடப்பாரை போடப் பயந்தார்களே, அந்தப் பயத்தைக் காவல் வைத்துத்தான் பிள்ளையார் கூரையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், நான்தான் அவரைக் கிளப்பிவிட்டேன் என்று மித்ராவிடம் சொல்லி வயிறெரிந்தாள்.

இரண்டாயிரத்து இரண்டில் கும்பாபிஷேகம் நடந்தது. கோபுரம் நிறையப் பொம்மைகள். பட்டாபிராமன் கெட்டவர் இல்லை, நன்றி மறக்கிறவரும் இல்லை. அதுதான் தொல்லை. வாசலில் பதித்த சலவைக்கல்லில் தன் பெயரைக்கூட இரண்டாவதாகத்தான் போட்டுக்கொண்டார். முதல் வரியில், ‘இத்திருப்பணிக்கு வழி திறந்தவர் திருமதி ஜலஜா பத்மநாபன்’ என்றிருந்தது. கல்லைப் பெயர்த்து எடுக்கச் சொல்லிச் சண்டை போட வாயெடுத்தாள். என்னவென்று சொல்லிச் சண்டை போடுவது? அதில் பொய்யாக ஒரு வார்த்தைகூட இல்லை.