நிருஜா மறித்துக் கேட்ட கேள்விகள்

ஒஸ்லோவில் கடந்த பத்து வருடத்தில் நடந்த தமிழ்க் கல்யாணப் படங்களை எடுத்துப் பார்த்தால், பாதி மணப்பெண்களின் முகத்தில் நிருஜாவின் கைவேலை இருக்கும். நகரின் கிழக்கோரம், ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் வீட்டில் ஓர் அறையை மணப்பெண் ஒப்பனைக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறாள். ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், இப்போது முப்பத்தெட்டு. அரசியல் பேசுகிற பழக்கம் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம் என்று மாமியார் சொல்வார்.

கணவன் றொபினும் தமிழன்தான், லிஃப்ட் திருத்துகிறவன். நகரத்தின் மேற்குப் பக்கத்தில், வசதிக்காரர் குடியிருக்கும் பழைய கட்டடங்களில்தான் அவனுக்கு வேலை. தொல்லையும் அங்கேதான். கம்பனிச் சட்டை, கம்பனி வான், கழுத்தில் படம் போட்ட அட்டை எல்லாம் இருந்தும் ஒரே வருடத்தில் ஐந்து தடவை பொலிஸ் மறித்தது. ஐந்தாவது தடவை பெப்ரவரியில். கருவிப் பையைப் பனியில் கவிழ்க்கச் சொல்லி, ஒவ்வொரு சாவியும் யாருடையது என்று கேட்டார்கள். எந்த நாடு, எப்போது வந்தாய், விசா இருக்கிறதா என்றும் கேட்டார்கள். பழுதான லிஃப்டுக்காகக் காத்திருந்த ஒரு கிழவி மூன்றாம் மாடி யன்னலைத் திறந்து, "அவர் எங்கள் லிஃப்ட்காரர், விடுங்கள்! நான் வைத்தியரிடம் போக வேண்டும்!" என்று கத்தினாள்.

"வழக்கமான சோதனைதான்" என்றான் பொலிஸ்காரன்.

லிஃப்ட்காரன் ஒருவன் லிஃப்ட்காரன்தான் என்று கண்டுபிடிக்க, படித்துப் பட்டம் பெற்ற இரண்டு பேருக்குப் பதினெட்டு நிமிடம் எடுத்தது.

றொபின் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான், நனைந்த கருவிகளைத் துடைத்து வைத்தான். கிழவியின் மகள் யன்னலிலிருந்து எடுத்த படம் யார் யாரிடமோ போய், இரண்டு நாள் கழித்துத்தான் நிருஜாவின் கைபேசிக்கு வந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன செய்யிறது? நீர் என்ன, பொலிசை மறிப்பீரோ?"

குறிப்பான சந்தேகம் இல்லாமலே ஆட்களை மறித்துச் சோதிக்க வழிவிடும் சட்டம் பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது. தமிழர் மத்தியில் பெரிய மனிதரான தர்மலிங்கத்திடம், நாங்களும் ஏதாவது சொல்ல வேண்டாமா என்று நிருஜா கேட்டாள். அவர் சிரித்தார். "பிள்ளை, உது சோமாலியாக்காரருக்கு வாற சட்டம். நாங்கள் உழைச்சு, வீடு வாங்கி, மரியாதையா இருக்கிற சனம். எங்களை ஒண்டும் செய்யாங்கள்."

பொலிஸ்காரன் தூரத்தில் நின்றே தோலைப் பார்த்து, இது வீடு வாங்கிய தோல், இது வாங்காத தோல் என்று பிரித்தறிவான் என்று நாற்பது வருடம் இந்த நாட்டில் இருந்த மனிதர் நம்பினார்.

அந்த நேரத்தில்தான் ஒரு நாடகக் குழு நிருஜாவை அழைத்தது. சட்டத்தை எதிர்த்து நடுத்தெருவில் நாடகம் போடப்போகிறார்கள். ஒப்பனைக்கு ஆள் வேண்டும். குழுவின் தலைவி சிக்ரித், கண்கள் பளபளக்கத் திட்டத்தை விளக்கினாள். நான்கு வெள்ளை நடிகர்களுக்குப் பழுப்பு நிறம் பூசித் தெருவில் நடக்கவிட வேண்டும். பொலிஸ் மறிக்கும். உலகம் அதிரும்.

"எவ்வளவு கறுப்பு வேண்டும்?" என்று நிருஜா கேட்டாள்.

சிக்ரித் யோசித்துவிட்டு, "உங்கள் அளவு போதும்" என்றாள்.

"பூசலாம். பின்னேரம் நீங்கள் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவீர்கள். என் கணவர் எதனால் கழுவுவது?"

ஒருவன் தரையைப் பார்த்தான், இன்னொருத்தி அழத் தொடங்கினாள். நல்ல மனம் உள்ளவர்களின் தொல்லை இதுதான்: தாங்கள் செய்த பிழைக்கும் மற்றவனே தேற்ற வேண்டும். நிருஜா தேற்றவில்லை. "முகத்துக்கு ஒன்றும் பூச வேண்டாம். வெள்ளைக்காரரை நாங்கள் மறிப்போம். என் கணவரிடம் கேட்ட அதே கேள்விகளைக் கேட்போம். நானே கேட்கிறேன்" என்றாள்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பாராளுமன்றத்துக்கு முன்னாலுள்ள சதுக்கத்தில் மேசை போட்டார்கள். பதினொரு பேர், நிருஜா தவிர எல்லோரும் வெள்ளையர். எல்லோர் முதுகிலும் 'நாடகம்' என்று பெரிய எழுத்தில் எழுதிய மஞ்சள் சட்டை. அனுமதிக் கடிதம் சிக்ரித்தின் கையில்.

"வணக்கம். அடையாள அட்டை இருக்கிறதா? எந்த ஊர்?" என்று முதல் ஆளை மறித்தாள் நிருஜா.

"பேர்கன். இங்கேதான், மேற்குக் கரையில்."

"இல்லை, உண்மையாக எந்த ஊர்? அப்பா எங்கே பிறந்தவர்? இந்தப் பை உங்களுடையதுதானா?"

ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "வழக்கமான சோதனைதான்" என்று பணிவாகச் சொல்லி, நேரமும் இடமும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றைக் கொடுத்தாள். முதல் கேள்விக்குச் சிரித்தவர்கள் மூன்றாவதில் முகம் சுருங்கினார்கள். கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு கனவான் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. "நான் இந்த நாட்டில் பிறந்தவன்! வரி கட்டுகிறவன்!" என்று கத்திப் பொலிசை அழைத்தார்.

இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். பதினொரு மஞ்சள் சட்டைகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே நிருஜாவிடம் போனார்கள்.

"அடையாள அட்டை."

"பொறுப்பாளர் நான்!" என்று சிக்ரித் கடிதத்தை ஆட்டினாள்.

"உங்களிடம் பிறகு வருகிறோம்."

"இத்தனை பேரில் ஏன் என்னிடம் கேட்கிறீர்கள்?" என்றாள் நிருஜா.

இளையவன் மனப்பாடமாகச் சொன்னான்: "வழக்கமான சோதனைதான்."

சதுக்கமே வெடித்துச் சிரித்தது. இவர்களும் நடிகர்கள் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. யாரோ "பிரமாதம்!" என்றார்கள். அந்த இளையவனின் காது சிவந்தது. நிருஜா அட்டையைக் கொடுத்தாள். பிறகு துண்டுச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து, நேரம், இடம் எழுதி, காரணம் என்ற இடத்தில் கோடு போட்டுக் கிழித்து அவனிடம் நீட்டினாள். அவனும் வாங்கிக்கொண்டான்.

அடுத்த நாள் ஒரு கலை விமர்சகர், பொலிஸ் வேடமிட்ட இருவரின் நடிப்பு மட்டும் சற்று மிகை என்று எழுதினார்.

றொபினுக்குக் கோபம். "என்ர அவமானத்தை எடுத்து ஊருக்குக் காட்டியிருக்கிறீர். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீரோ?"

கேட்கவில்லைதான். "பிழை என்ரதான்" என்றாள். இரண்டு வாரம் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜூனில் ஆறாவது தடவை மறித்தபோது, முதன்முறையாக அவன் வாயைத் திறந்து காரணத்தை எழுதித் தரும்படி கேட்டான். தரவில்லை. முறைப்பாடு அனுப்பினான். மூன்று மாதம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது: தவறு ஏதும் காணப்படவில்லை. அதை வாசித்துக் காட்டிவிட்டு, "அடுத்த நாடகத்தில இந்தக் கடிதத்தையும் வாசியும்" என்றான்.

அந்த இலையுதிர் காலத்தில் பத்திரிகையில் நிருஜாவின் படம் வந்த பிறகு தர்மலிங்கத்துக்கும் ஞானம் வந்தது. 'எங்கள் சமூகத்தின் வீரமகள்' என்று முகநூலில் எழுதினார். பொன்னாடை போர்த்த வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார்.

"பொன்னாடை வேண்டாம் ஐயா. வாற சனி திரும்பவும் செய்யிறம். வந்து எனக்குப் பக்கத்தில நில்லுங்கோ, காணும்."

"ஓம் பிள்ளை, வர ஆசைதான். முழங்கால்தான் விடுதில்லை."

அந்தச் சனிக்கிழமை நிருஜாவுக்குப் பக்கத்தில் கம்பனிச் சட்டையோடு றொபின் நின்றான். தர்மலிங்கம் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில், மூன்று மாடியும் ஏறி இறங்கி, மருமகனோடு சோபா பார்த்துக்கொண்டிருந்தார்.