தொண்ணூற்றொன்று போதும் என்று நினைத்தேன்

நான்கைந்து வருடங்களுக்கு முன், ஒரு மே மாத மதியத்தில், சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் நடந்தது இது. இன்றும் அந்த வளைவுகளில் வண்டி ஏற்றும்போது என் காது தானாக இன்ஜின் பக்கம் போய்விடுகிறது.

நான் ஆக்டிங் டிரைவர். கார் வைத்திருப்பவர்கள் தாங்களே ஓட்ட முடியாத நாளில் கூப்பிடுவார்கள். ஓட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். படிப்பு பத்தாவது. கூச்ச சுபாவம் வேறு. யார் எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்றுதான் வாயில் வரும். புரியாவிட்டாலும் திருப்பிக் கேட்க மாட்டேன். கேட்டால், இவனுக்குத் தொழில் தெரியாது என்று அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம்.

அன்று என்னைக் கூப்பிட்டவர் பழனிசெட்டிபட்டிக்காரர், வெளியூரில் வேலை பார்ப்பவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கார் அவர் ஆசையாக வாங்கியது. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். லேசாக மிதித்தாலே முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டியை அதுவரை நான் தொட்டதே இல்லை.

சாவியைக் கொடுக்கும்போது, "அண்ணே, நாங்க கெளம்புறதுக்குள்ள பெட்ரோல் போட்டு வந்துருங்க. தொண்ணூத்தஞ்சு, இல்ல அதுக்கு மேல" என்றார்.

"சரிங்க சார்" என்றேன். எதில் தொண்ணூற்றைந்து என்று எனக்கு விளங்கவில்லை.

பங்கில் போய் பெட்ரோல் மூடியைத் திறந்தால், உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலும் அதே 95. பம்பில் 91 என்று போட்டிருந்தது. 95 இருக்கிறதா என்று பெட்ரோல் போடும் ஆளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அதெல்லாம் வெலை கூடுன பெட்ரோலுண்ணே, இங்கன இல்ல. தேனிக்குள்ள போகணும். எல்லாம் ஒரே பெட்ரோல்தான், பேருதான் வேற" என்று சிரித்தான்.

பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். நாலு நம்பர்தானே குறைகிறது, பரீட்சையில் தொண்ணூற்றொன்று வாங்கினால் நல்ல மார்க்கு ஆயிற்றே என்று என் புத்தி சொன்னது. போடச் சொல்லிவிட்டேன். திரும்பி வந்ததும் அவர், "போட்டாச்சாண்ணே?" என்றார். "போட்டாச்சு சார்" என்றேன். அது பொய் இல்லை என்று அப்போது என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பக்கத்தில் அவர், பின்னால் அவர் மனைவியும் தூங்கும் பெண் குழந்தையும். சின்னமனூர் வரை கார் வெண்ணெய் போல ஓடியது. அடிவாரச் செக்போஸ்ட்டைத் தாண்டி மூன்றாவது வளைவில்தான் அந்தச் சத்தம் கேட்டது. தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கியதுபோல.

"என்னண்ணே சத்தம்?"

"கீழ கல்லு ஏதும் மாட்டிருக்கும் சார்."

"அப்ப பயப்படாம மிதிங்க. இந்த ஏத்தமெல்லாம் இதுக்கு ஒரு ஏத்தமா?"

மிதித்தேன். மிதிக்க மிதிக்கச் சத்தம் பெருகியது. வெளியே அனல், உள்ளே ஏசி. எனக்குச் சட்டை முழுக்க வியர்வை. ஏழாவது வளைவில், ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. இழுவை சட்டென்று குறைந்தது. மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி வர, ஒதுங்கி நிறுத்தினேன். பஸ் போனபின் மறுபடி எடுத்தால் கார் திணறியது. நான் பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு முழம் பின்னால் நழுவியது. இடது பக்கம் கைப்பிடிச் சுவர் உடைந்து கிடந்தது. அதற்கப்பால் ஒன்றுமில்லை, கீழே வெகு தூரத்தில் வயல்கள் தெரிந்தன. அந்த அம்மா குழந்தையை வாரி மடியில் இறுக்கிக்கொண்டார். ரோட்டில் யானைச் சாணம் கிடந்தது, காயவில்லை. போனில் சிக்னலும் இல்லை.

"தொண்ணூத்தஞ்சு போட்டும் இப்படித் தட்டுதே" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். "வேற ஏதோ கோளாறு. நல்லா அழுத்தி ஏத்திருங்கண்ணே, மேல போய்ப் பாத்துக்கிருவோம்."

அந்த நிமிடம்தான் எனக்கு அந்த நம்பர் புரிந்தது. இந்தச் சத்தத்துக்கான காரணம் அந்தக் காரில் எனக்கு ஒருவனுக்கு மட்டுமே தெரியும். என் கால் பிரேக்கிலேயே இருந்தது. சொன்னால் என் பிழைப்பு போகும். சொல்லாமல் மிதித்தால் என்ன ஆகும் என்று தெரியாது. வண்டியை எடுக்காமல் ரோட்டையே பார்த்தேன்.

"என்னங்க, அந்தண்ணே மூஞ்சியப் பாருங்க" என்றார் அந்த அம்மா. "என்னண்ணே, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா" என்றேன். "நான் போட்டது அது இல்ல சார். தொண்ணூத்தொண்ணு."

அவர் என் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மொதல்ல ஆக்சிலேட்டரத் தொடாதீங்க" என்றார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "இந்த இன்ஜின் பெட்ரோலப் போட்டு ரொம்ப நெருக்கும்ணே. அந்த நெருக்கத்தப் பெட்ரோல் எவ்ளோ தாங்கும்ங்கிறதுதான் அந்த நம்பர். அது கொறஞ்சா நெருக்குற சூட்டுலயே நேரங்கெட்ட நேரத்துல வெடிக்கும். அந்த அடிதான் இந்தச் சத்தம். இன்னும் அழுத்துனா பிஸ்டன் ஓட்டையாப் போயிரும்."

வளைவின் அகலத்தில் மெல்லத் திருப்பினேன். திருப்பும்போது பின்சக்கரம் உடைந்த சுவரை ஒட்டி நின்றது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் மூட முடியாது. ஏசியை அணைத்து, சின்ன கியரில், ஆக்சிலேட்டரைத் தொடாமல் இறங்கினோம். சத்தம் நின்றிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் அது திரும்ப வந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். சமவெளியிலும் ஊர்ந்தே தேனிக்கு வந்து, காலியாக இருந்த பாதி டேங்கில் 95 நிரப்பினோம். அவர்களுடைய பயணம் அத்தோடு முடிந்தது. வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது அந்தக் குழந்தை, "மலை எங்க?" என்று கேட்டது.

அடுத்த மூன்று நாள் காரை மதுரை சர்வீஸ் சென்டரில் சோதித்தார்கள். அந்த மூன்று நாளும் போன் அடித்தால், அவர் நம்பரா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். நாலாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகலைண்ணே. ஒண்ணு மட்டும் கேக்குறேன். தொண்ணூத்தஞ்சுன்னு நான் சொன்னது ஒங்களுக்குப் புரிஞ்சுச்சா?"

"புரியல சார்."

"அப்புறம் ஏண்ணே சரின்னு சொன்னீக? நான் ஒங்கள நம்பிப் பிள்ளையோட ஒக்காந்திருந்தேன்ல?"

அதன்பின் அவர் என்னைக் கூப்பிடவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. இப்போதெல்லாம் புதிய வண்டி எடுத்தால், "இது எனக்குத் தெரியல சார், சொல்லிக் குடுங்க" என்று கேட்டுவிடுகிறேன். கேட்கும்போது இன்னமும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூச்சம் என்னோடு முடிந்துவிடும், கேட்காமல் விட்டால் அதன் விளைவைச் சுமப்பது என்னை நம்பிப் பின்சீட்டில் தூங்கும் ஒரு குழந்தை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.