கணினியில் மின்னாத விளக்கு

இருசம்மாள் இறந்து பதினெட்டு நாளாகிறது. அவளைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் அவள் ஊரான மெர்லிமாவில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அழுது முடித்துவிட்டார்கள். நான் இன்னும் அழவில்லை. ஐந்து ஆண்டுகள் அவள்மேல் எனக்கு இருந்தது பொறாமை. அவள் கை எப்படி அசையும், எப்போது சிரிப்பாள், எந்தக் கேள்வியை எப்போது கேட்டாள் என்பதெல்லாம் எனக்குத்தான் நன்றாக நினைவிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

மெர்லிமாவுக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். மூன்றாம் பாரத்தோடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் தொழிற்சாலை பஸ் ஏறியவள், எங்கள் கம்பெனிக்கு வருவதற்குள் மூன்று தொழிற்சாலைகளில் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தாள். கணவர் தேவன், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுபவர். இரண்டு பெண் பிள்ளைகள். எங்களுடையது மலாக்காவில் எமர்ஜென்சி லைட் செய்யும் நடுத்தரமான கம்பெனி. மின்சாரம் நின்றதும் பேட்டரியில் தானாக எரியுமே, அந்த விளக்கு. இருசம்மாள் அங்கே பழுது பார்க்கும் மேசையில் இருந்தாள். நான் ஈப்போவில் மூன்றாண்டு பாலிடெக்னிக் முடித்து, டிப்ளோமாவோடு வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்தேன். அவள் என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஆனாலும் என்னை “மிஸ்” என்றுதான் கூப்பிடுவாள். நான் அவளை “இருசு” என்பேன்.

நான் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே பொறாமை தொடங்கிவிட்டது. எரியாத போர்டு ஒன்றை வைத்துக்கொண்டு மீட்டரும் கையுமாக அரைமணி நேரம் போராடிக்கொண்டிருந்தேன். அவள் தேநீர்க் கோப்பையோடு அந்தப் பக்கம் வந்தாள். போர்டை மூக்கருகே கொண்டுபோனாள்.

“இவன் செத்துட்டான் மிஸ்,” என்று ஒரு டிரான்சிஸ்டரைத் தொட்டாள். “பக்கத்துல இருக்கறவனுக்குக் காய்ச்சல். அவனையும் மாத்திடுங்க. இல்லன்னா நாளைக்கு அவனுக்கும் காரியம்லாம் செய்யணும்.”

மேசையில் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டையும் மாற்றினேன். விளக்கு எரிந்தது.

அடுத்த ஆண்டு கம்பெனி ஒரு மென்பொருள் வாங்கியது. சர்க்யூட்டைப் பற்றவைக்காமலே கணினிக்குள் ஓட்டிப் பார்க்கலாம். கம்பிகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். எர்த் எனப்படும் பூமிக் கம்பிக்குப் பூஜ்யம். எந்த உறுப்பு எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குப் போகிறது, அதன் அளவு என்ன என்று வரிவரியாகத் தட்டினால், எங்கே எத்தனை வோல்ட் வரும் என்று கணக்கிட்டுக் கோடு வரைந்து காட்டும். எங்கள் தலைமை இன்ஜினியர் சேகரன் அதை என்னிடம் ஒப்படைத்தார். குளிர்சாதன அறை, என் பெயரில் ஒரு மேசை, மேலே தடித்த ஆங்கிலக் கையேடு. முதல் முறையாக, அவளிடம் இல்லாத ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பத்தே நாளில் அவள் எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“இந்த நம்பர்லாம் தோட்டத்து லயத்துல வரிசையா இருக்கற வீட்டு நம்பர் மாதிரிதானே மிஸ்? எந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போவுதுன்னு எழுதணும்.”

“அப்படித்தான்னு வெச்சுக்க.”

“அப்ப ஒரு கம்பிய அறுத்துட்டா, எந்த வீட்டுல லைட்டு மங்கும்னு இது சொல்லிடுமா?”

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். புதுச் சர்க்யூட் வரையத்தான் மென்பொருள் என்று நான் எண்ணியிருந்தேன். அவளோ பழுது கண்டுபிடிக்க அதைக் கேட்டாள். ஓய்வு நேரத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டித் தட்டி, எங்கள் போர்டில் இருந்த முப்பத்திரண்டு உறுப்புகளையும் ஒவ்வொன்றாகக் கணினிக்குள் கெடுத்துப் பார்த்தாள். இது அறுந்தால் இங்கே இத்தனை வோல்ட், அது ஒட்டிக்கொண்டால் அங்கே இத்தனை என்று பள்ளிக்கூட நோட்டில் எழுதினாள். நோட்டைப் பார்த்த சேகரன் அதைத் தட்டச்சு செய்யச் சொல்லி, பழுது பார்க்கும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினார். அதற்குப் பிறகு புதிதாக வந்த பெண்கள்கூட மீட்டரை வைத்துப் பார்த்து, பட்டியலைப் பார்த்து, கெட்டதைக் கழற்றினார்கள்.

“நிர்மலா, சொப்ட்வேர் உன் மேசையில இருக்கு, வேலை அவ மேசையில நடக்குதே,” என்றார் சேகரன். வேடிக்கைக்குத்தான் சொன்னார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஆண்டு எங்கள் பிரிவில் ஒரு டெக்னீஷியன் இடம் வந்தது. சான்றிதழ் வேண்டும் என்பது விதி. ஆனால் சேகரன் மேனேஜரிடம் பேசியிருந்தார். அந்தச் சமயத்தில் பேட்டரி இறங்கினால் சிவப்பு விளக்கை மின்ன வைக்கும் ஐசி சில்லு கிடைக்காமல் உற்பத்தி நின்று நின்று நடந்தது. இருசம்மாள் இரண்டு டிரான்சிஸ்டரையும் இரண்டு கெப்பாசிட்டரையும் வைத்து அதே வேலையைச் செய்யும் ஒரு சர்க்யூட் கட்டியிருந்தாள். கணினி அறிக்கையோடு அது தேறிவிட்டால் சான்றிதழைப் பார்க்க மாட்டேன் என்று மேனேஜர் ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை நேர்காணல்.

“எதுக்கு இருசு இந்த இடம்? சம்பளம் ஒண்ணும் பெருசா ஏறாதே,” என்று கேட்டேன்.

“ஷிப்டு போயிடும்ல மிஸ். பிள்ளைங்க தூங்கறப்ப வந்து, தூங்கறப்ப போறேன்.” சற்று நிறுத்தினாள். “அதுக்கும் மேல, உக்காந்து யோசிக்கறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்கள்ல. அப்படி ஒரு நாக்காலில ஒரு தடவ உக்காரணும்.”

அந்த நாற்காலி என் நாற்காலிக்குப் பக்கத்தில் போடப்படும். அதுதான் எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை அவள் சர்க்யூட்டைக் கணினியில் ஏற்றினேன். அதில் ஒரு பக்க டிரான்சிஸ்டர் திறக்கும்போது மறுபக்கத்தது மூடும், பிறகு மாறும். திரையில் மேலும் கீழும் குதிக்கும் கோடு வரவேண்டும். வந்தது நீண்ட நேர்கோடு. எண்களைச் சரிபார்த்து மறுபடி ஓட்டினேன். அதே கோடு. இரண்டு டிரான்சிஸ்டரும் பாதி திறந்தபடி அசையாமல் நின்றன. அப்போது நான் பொய் சொல்லவில்லை. கணினி சொன்னதை நம்பினேன். நம்புவதற்கு ஆசையாகவும் இருந்தது.

“மின்னலையே இருசு. உன் சர்க்யூட்ல தப்பு.”

அவள் கையிலிருந்த போர்டைக் காட்டினாள். சிவப்பு விளக்கு ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தது. “இங்க பாருங்க மிஸ், இவன் கண்ணடிக்கறான். உங்க பெட்டிக்குள்ள இருக்கறவனுக்குத்தான் வெக்கம் போல.”

“ஒண்ணு தற்செயலா வேலை செய்யும். ஆயிரம் செஞ்சா?”

அவள் சிரிப்பு நின்றது. மின்னவில்லை என்ற அறிக்கையில் கையெழுத்திட்டுச் சேகரனிடம் கொடுத்தேன்.

புதன்கிழமை வேறு எதற்கோ கையேட்டைப் புரட்டியபோது அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. இந்த வகைச் சர்க்யூட்டில் இரண்டு பாதியையும் அச்சாக ஒரே மாதிரி எழுதிவிட்டால் கணினிக்கு எந்தப் பக்கம் முதலில் சாய்வது என்று தெரியாது, நடுவிலேயே நின்றுவிடும். தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு வோல்டேஜ் கொடுத்துக் கிளப்பிவிட வேண்டும் என்று இருந்தது. பென்சிலால் அடிக்கோடிட்டேன். ஒரே ஒரு வரி சேர்த்து ஓட்டினேன். கோடு குதித்தது. மேலே, கீழே, மேலே, கீழே, அவள் போர்டில் மின்னிய அதே வேகத்தில்.

அச்சிடும் பொத்தான்மேல் விரல் இருந்தது. பக்கத்தில் ஒரு நாற்காலி போடும் அளவுக்கு இடம் இருந்ததைப் பார்த்தேன். அதில் அவள் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் இந்த மேசையும் அவளுடையதாகும். சேகரன் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார். ஏற்கெனவே அப்படித்தானே. சேர்த்த வரியை அழித்தேன். கோப்பை மூடினேன். வியாழன் முழுவதும் இருந்தது. சேகரன் மூன்று முறை என் மேசைப் பக்கம் வந்தார். நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் புதுச் சட்டை போட்டு, மின்னும் போர்டை ஒரு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தாள். உள்ளே கால்மணி நேரம்கூட இல்லை. வெளியே வந்த சேகரன் என்னிடம், “போர்டு மின்னுது, பேப்பர் மின்னலையே. மேனேஜர் பேப்பரத்தான் பார்க்கறாரு,” என்றார். அந்த இடத்துக்குச் சிரம்பானிலிருந்து டிப்ளோமா முடித்த ஒருவர் வந்தார்.

திங்கட்கிழமை இருசம்மாள் என்னிடம் வந்தாள்.

“மிஸ், அந்தப் பொஸ்தகத்த ரெண்டு நாளைக்குக் குடுங்களேன். எங்க தப்புன்னு தெரிஞ்சுக்கணும்.”

“இங்கிலீஷ்ல இருக்கே இருசு.”

“மூத்தவ படிச்சுச் சொல்லுவா. நான் யோசிப்பேன்.”

மறுப்பதற்குக் காரணம் கிடைக்கவில்லை. கொடுத்துவிட்டேன். அவள் போன பிறகுதான் நினைவு வந்தது. புத்தகத்தில் எதை அடிக்கோடிட்டாலும் ஓரத்தில் அன்றைய தேதியைப் போடுவது பாலிடெக்னிக்கில் எனக்குப் படிந்த பழக்கம்.

புதன்கிழமை மதிய ஓய்வில் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். புத்தகத்தில் சொன்ன வரியை அவள் சேர்க்கவில்லை. ஒரு கெப்பாசிட்டரின் அளவைக் கொஞ்சம் கூட்டினாள். ஒரு டிரான்சிஸ்டரைக் கொஞ்சம் பலவீனமாக்கினாள். பேட்டரியைப் பூஜ்யத்திலிருந்து ஏறும்படி எழுதினாள். ஓட்டினாள். கோடு குதித்தது.

“ரெண்டு பேரும் ஒரே மாதிரின்னு எழுதியிருந்தீங்க,” என்றாள் திரையைப் பார்த்தபடி. “நம்ம டப்பாலேர்ந்து கையவிட்டு எடுத்தா அப்படி ஒரு ஜோடி கெடைக்குமா மிஸ்? அப்பறம் சுவிச்சு போடறதுக்கு முன்னாடி கரண்டு ஏது? நெசமா எப்படியோ அப்படி எழுதினேன். மின்னிட்டான்.”

அந்த நிமிடத்தில்கூட எனக்கு வெட்கத்தைவிடப் பொறாமைதான் அதிகம் இருந்தது. புத்தகம் காட்டிய வழியைவிட அவள் வழி அழகாக இருந்தது.

அவள் புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்தினாள். “கோடு போட்டு பதினாலுன்னு எழுதியிருக்கு. நேர்காணல் பதினாறு.”

“அன்னைக்கு எனக்குச் சரியாப் புரியல இருசு.”

“உங்களுக்கா?” என்றாள். சத்தம் உயரவில்லை. “சரி மிஸ்.”

யாரிடமும் சொல்லாமல் மாத முடிவில் வேலையை விட்டாள். அலோர் காஜாவில் அப்புசாமி என்பவர் ஒரு சிறிய கம்பெனி நடத்தினார். தோட்டங்களுக்கும் ஆலைகளுக்கும் மோட்டார்க் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்துகொடுப்பவர். அங்கே ஒரு பழைய கணினியில் அதே மென்பொருளைப் போட்டு இருசம்மாள் வேலை செய்கிறாள் என்றும், ஒரு பெட்டியைக்கூட அவள் பார்க்காமல் வெளியே அனுப்புவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். நாற்காலி கிடைத்துவிட்டதே என்று நிம்மதி வரவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன். இதற்குள் அவள் சர்க்யூட்டை எங்கள் விளக்கில் போட்டார்கள். சரியான வரைபடத்தைச் சேகரனிடம் கொடுத்தது நான். அறிக்கையில் இருப்பது என் பெயர்.

மூன்றாண்டு கழித்து, இந்த ஆண்டு, டெங்கிக் காய்ச்சல். ஐந்தே நாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மெர்லிமாவுக்குப் போனேன். வாசலில் கொட்டகை போட்டு இலை போட்டிருந்தார்கள். அப்புசாமியின் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். எனக்காக இத்தனை பேர் வருவார்களா என்று எண்ணிப் பார்த்தேன். சாவு வீட்டிலும் அதைத்தான் எண்ணினேன்.

பரிமாறிக்கொண்டிருந்த தேவன் என்னை அடையாளம் கண்டு, பக்கத்து இலையில் இருந்த அப்புசாமியிடம் சொன்னார்: “முதலாளி, இவங்கதான் நிர்மலா மிஸ். இருசுக்குக் கம்ப்யூட்டர் கத்துக் குடுத்தவங்க. உங்ககிட்ட வேலைக்கு எழுதிப் போடறப்பகூட சிபாரிசுக்கு இவங்க பேரத்தான் போட்டா.”

அப்புசாமி கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நீங்கதானா? இன்னைக்குக் கேக்கக்கூடாது, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க இடம் காலியா கெடக்கு. நாலு பெட்டி பாதில நிக்குது. வர்றீங்களா மிஸ்?”

வருகிறேன் என்று சொல்லத்தான் முதலில் தோன்றியது. அவள் உட்கார்ந்த இடம், அவள் தட்டிய கணினி, அதற்குள் அவள் எழுதி வைத்திருக்கும் கோப்புகள். அத்தனையும் வேண்டும் என்றிருந்தது. வாயைத் திறந்தேன்.

“நான் கத்துக் குடுக்கல,” என்றேன். “எங்க கம்பெனில அவளுக்கு அந்த வேலை கிடைக்காம போனது என்னாலதான். சர்க்யூட் சரின்னு நேர்காணலுக்கு ரெண்டு நாள் முன்னாலேயே எனக்குத் தெரியும். சொல்லல.”

அப்புசாமி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தேவன் பாயச வாளியோடு நின்றார்.

“அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து படுத்தவ ரெண்டு நாள் எந்திரிக்கவே இல்ல மிஸ்,” என்றார். “‘எனக்குப் படிப்பு பத்தல’ன்னுதான் சொன்னா.”

வாளியைத் தூக்கிக்கொண்டு, என் இலையைத் தாண்டி, அடுத்த இலைக்குப் பாயசம் ஊற்றப் போனார்.